ஒன்பது மா நெல்லும் பதினொரு புத்தகங்களும்

‘‘மச்சான், ஞாயித்துக்கிழமை நெல்லு அறுக்கலாமா?’’

போன வாரம் வியாழக்கிழமை காலையில் வாய் நிறைய பேஸ்ட்டோடு நான் எடுத்த போனில் வந்த கேள்வி இது. கேட்டவர் சாமுவேல். என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர். திருக்காட்டுப்பள்ளி பக்கம் ஒன்பது மா குறுவை போட்டிருக்கிறார். (மூன்று ஏக்கர் - வெளியூர் வாசகர்களுக்காக.)

என்னிடம் ஏன் கேட்கிறார்? எனக்கும் விவசாயத்துக்கும் உள்ள உறவு சாப்பாட்டுத் தட்டோடு முடிந்துவிடுகிறது. ஆனால் கேள்வி நெல்லைப் பற்றியது அல்ல... தேவ சித்தத்தைப் பற்றியது. அதில்தான் நான் நிபுணர்!

ஒரு வருஷமாக நான் விசுவாசம், பகுத்தறிதல் பற்றிய கிறிஸ்தவப் புத்தகங்களாக வாங்கிக் குவித்துவருகிறேன். எது கடவுளின் குரல், எது நம் ஆசையின் குரல், எது ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவின் குரல் என்று பிரித்தறியச் சொல்லித்தரும் புத்தகங்கள். இதுவரை பதினொன்று. அட்டையில் இரண்டாகப் பிரியும் ஒரு பாதை இருக்கும். நடுவில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். கடைசிப் பக்கம் வரை திரும்பவே மாட்டார்.

உள்ளே எல்லாவற்றுக்கும் ஏழு படிகள். பாதிக்கு மேல் மொழிபெயர்ப்பு. ஒரு புத்தகத்தில் ஒருவர் பனிப்புயலில் காரை ஓரங்கட்டிவிட்டு தேவ சித்தம் கேட்கிறார். தஞ்சாவூரில் நான் பனிப்புயலுக்கு எங்கே போவேன்? பழைய பஸ் ஸ்டாண்டு வெயிலில் ஸ்கூட்டரை ஓரங்கட்டிப் பார்த்தேன். போலீஸ்காரர்தான் பேசினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினொன்றில் முழுசாகப் படித்தது நான்கு. மிச்சத்துக்கு முன்னுரை. ஆனால் பேச அது போதும் என்பது, பேச ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

சாமுவேலின் சிக்கலுக்கு வருகிறேன். நெல் முற்றிவிட்டது. வங்கக் கடலில் ஏதோ சுழல்கிறது என்று டி.வி.யில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்கிறார். ஆத்தூரிலிருந்து வந்திருக்கும் அறுவடை மிஷின் டிரைவர் முருகேசன், ‘‘ஞாயித்துக்கிழமை காலையில மட்டும்தாங்க ஃப்ரீ. திங்கக்கிழமை பாபநாசம் பக்கம் போயிடுவேன்’’ என்கிறார். மழை முந்திக்கொண்டால் கதிர் சாயும். சாய்ந்த கதிர் இரண்டே நாளில் வயலிலேயே முளைக்கும். வருஷத்துச் சாப்பாடு போச்சு.

அறுத்துவிட வேண்டியதுதானே?

சாமுவேலின் அப்பா, ஞாயிற்றுக்கிழமை ஏரில் மாடு பூட்டாதவர். அந்த வயலில் இன்றுவரை ஓய்வுநாளில் வேலை நடந்ததில்லை. அதற்கும் மேலே, அந்த ஞாயிறுதான் அவர்கள் சபையின் அறுப்பின் பண்டிகை. வேதபாடம் வாசிக்க வேண்டியவர் சாமுவேல். விளைந்ததற்கு நன்றி சொல்லும் நாளில், விளைந்ததை அறுக்கலாமா கூடாதா? இப்படி ஒரு பரீட்சையை ஆண்டவர் எங்கள் ஆட்களுக்குத்தான் வைப்பார்.

‘‘சீட்டு எழுதி பைபிளுக்குள்ள வச்சிருக்கேன் மச்சான்’’ என்றார் சாமுவேல். ‘‘மூணு சீட்டு. ‘அறு’ன்னு ஒண்ணு, ‘அறுக்காதே’ன்னு ஒண்ணு, ‘இன்னும் ஜெபி’ன்னு ஒண்ணு.’’

‘‘மூணாவது எதுக்கு மாப்ள?’’

‘‘ஆண்டவருக்கும் ஒரு சாய்ஸ் வேணாமா?’’

எனக்குள் இருந்த நான்கு புத்தகங்களும் ஏழு முன்னுரைகளும் ஒன்றாகக் கொதித்தன. ‘‘சீட்டுப் போடுறதெல்லாம் விசுவாசத்துல எல்.கே.ஜி. மாப்ள! எதையும் எடுக்காதீங்க. நான் நேர்ல வர்றேன்.’’

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினொரு புத்தகங்களையும் அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, ஸ்கூட்டர் முன்னால் வைத்துக்கொண்டு போய் இறங்கினேன். கால் வைக்க இடமில்லாமல் இருபத்தைந்து கிலோமீட்டர். ஊழியம் என்றால் சும்மாவா?

ஸ்டெல்லா காபி கொடுத்துவிட்டுப் பெட்டியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

‘‘என்னண்ணே இது?’’

‘‘பகுத்தறியுறதைப் பத்தி எல்லாமே இதுல இருக்கு.’’

‘‘மழை எப்ப வரும்னு இருக்கா?’’

நிபுணர்கள் எல்லாருக்கும் பதில் சொல்வதில்லை.

சாமுவேலை உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் பேசினேன். முக்கியமான பாடம்: எந்த முடிவை நினைக்கும்போது மனதில் சமாதானம் தங்குகிறதோ, அதுவே தேவ சித்தம். அவர் அதை உர மூட்டை பில்லின் பின்பக்கத்தில் பவ்யமாக எழுதிக்கொண்டார். பெட்டியை அவரிடமே விட்டுவிட்டு ஊர் திரும்பினேன்.

சனிக்கிழமை மத்தியானம் போன்.

‘‘சமாதானம் வந்துச்சா மாப்ள?’’

‘‘வந்துச்சு மச்சான். அறுக்கலாம்னு நெனச்சாலும் வருது, வேணாம்னு நெனச்சாலும் வருது. சாப்புட்ட ஒடனே ரொம்ப வருது.’’

இதற்கு எந்தப் புத்தகத்திலும் படி இல்லை. நான் முன்பு புரட்டிய வரையில் ஒருவர் ‘முதலில் தோன்றுவதை நம்பு’ என்கிறார். இன்னொருவர் ‘முதலில் தோன்றுவதைச் சந்தேகப்படு’ என்கிறார். இருவருக்கும் ஒரே பதிப்பகம்!

கடைசியில், விஷயம் தெரியாத ஆலோசகர்கள் எல்லாரும் சொல்வதைச் சொன்னேன்.

‘‘காத்திருங்க மாப்ள.’’

காத்திருக்கச் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. தப்பாகப் போனால் நனையும் நெல் நம்முடையது இல்லை.

சாமுவேல் அப்போதே முருகேசனைக் கூப்பிட்டு ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார். ‘‘பெட்டியத் தொறந்து படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான்’’ என்றும் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பண்டிகைக்கு நானும் போயிருந்தேன். கோயில் முழுக்க வாழைத்தார், கரும்பு, பரங்கிக்காய், கட்டுக்கட்டாகக் கீரை. பெண்கள் பக்கம் ஸ்டெல்லாவைக் காணோம். ‘‘தலைவலியாம், பின்னாடி வர்றேன்னா’’ என்றார் சாமுவேல்.

வேதபாடம் வாசிக்கும்போது வசனத்துக்கு ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. ஆராதனை முடிந்து, பக்கத்துக் கொட்டகையில் காணிக்கைக் காய்களை ஏலம் விட ஆரம்பித்தபோது டியூப் லைட் போட்டார்கள். நான் ஒரு பரங்கிக்காய்க்குக் கை தூக்கிய நேரம்... தகரக் கொட்டகை மேல் முதல் சடசட.

பரங்கிக்காய் எனக்கு விழுந்தது. மழையும் விழுந்தது.

சாமுவேல் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. ‘இதுக்கு என்ன படி மச்சான்?’ என்று கேட்பதுபோல ஒரு பார்வை. ‘தேவ சித்தம்’ என்று சொல்ல வாயெடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, சொல்லாமல் மூடிக்கொண்டேன்.

பைக்கில் அவர் ஓட்ட, பின்னால் நான், என் மடியில் பரங்கிக்காய். வாய்க்கால் மதகைத் தாண்டி வயலில் போய் நின்றால்...

நெல்லைக் காணோம். ஒன்பது மாவும் அறுத்த அடித்தாள்தான். சேற்றில் மிஷின் பெல்ட்டின் தடம். அதில் மழைத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

சாமுவேல் வண்டியை வீட்டுக்குத் திருப்பினார்.

வாசலில் களத்தை அடைத்துக்கொண்டு ஒரு குவியல், மேலே நீலத் தார்ப்பாய். தாழ்வாரத்தில் முருகேசன் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் வைக்கோல் தூசியோடு, தெப்பலாக நனைந்து நின்றாள்.

‘‘யாரைக் கேட்டு அறுத்த?’’ சாமுவேலின் குரல் நடுங்கியது. கோபமா, அழுகையா... பகுத்தறிய முடியவில்லை.

‘‘நெல்லைக் கேட்டேன்’’ என்றாள் அவள். ‘‘நேத்து சாயங்காலம் வயலுக்குப் போயி ஒரு மணிய எடுத்துக் கடிச்சுப் பாத்தேன். டக்குனு ஒடஞ்சுது. இதுக்கு மேல காத்திருக்க அதுக்கு என்ன இருக்கு? அண்ணனுக்குப் போன் போட்டேன்.’’

அண்ணன் என்றது என்னை அல்ல. முருகேசனை.

‘‘ஞாயித்துக்கிழமைடி... பண்டிகை நாள்...’’

‘‘பாவம்னா என் தலையில இருக்கட்டும். நீங்க கோயில்லதான இருந்தீங்க? ஒங்க மேல வராது.’’

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: ‘‘காலையில ஒங்க சீட்டையும் எடுத்துப் பாத்தேங்க. ‘இன்னும் ஜெபி’ன்னு வந்துச்சு.’’

‘‘அப்புறம்?’’

‘‘ஜெபம் பண்ணிக்கிட்டேதான் அறுத்தோம். மிஷின் எங்கயும் சிக்கிடக் கூடாதுன்னு.’’

சாமுவேல் குனிந்தார். தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி நெல்லை அள்ளி, உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். காய்ந்திருந்தது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கோயிலில் நடந்ததைவிட நீளமான நன்றி அது என்று நினைக்கிறேன். நானும் பக்கத்தில் நின்றேன், பரங்கிக்காயோடு. முன்னுரை இல்லாத ஜெபத்தில் எனக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை.

அப்போதுதான் தார்ப்பாயின் மூலைகளைக் கவனித்தேன். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் அம்மிக்கல். ஒன்றில் காலி சிலிண்டர். ஒன்றில் செங்கல் அடுக்கு. நான்காவது மூலையில், பிளாஸ்டிக் கவர் சுற்றி... என் அட்டைப்பெட்டி! வெள்ளிக்கிழமை நான் ஒட்டிய டேப் ஒரு இடத்தில்கூடப் பிரியவில்லை.

சாமுவேலைப் பார்த்தேன். ‘படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்’ என்ற சாமுவேல் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

ஸ்டெல்லாதான் என்னைத் தேற்றினாள்.

‘‘நல்ல புக்குங்கண்ணே. அவ்ளோ காத்துக்கும் அசையவே இல்ல.’’