மாமி மெஸ்ஸுக்கு வந்த இரண்டு ஏகாதசி

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டபிறகு பல ஊர்களில் பல வேலை பார்த்துவிட்டேன். லாரி கிளீனர், கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பது, செல்போன் கடையில் ஸ்கிரீன் ஒட்டுவது. ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமியின் மெஸ்ஸில் கேரியர் கொண்டுபோகச் சேர்ந்தது, சாப்பாடும் மாடிப்படிக்கு அடியில் படுக்க இடமும் கிடைத்ததால். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபிளாட்டில் தனியாக இருக்கும் வயதானவர்கள். ஏகாதசியன்று மாமியின் அடுப்பில் அரிசி ஏறாது. கோதுமை ரவை உப்புமாதான். அந்த நம்பிக்கையில்தான் மெஸ் ஓடியது.

மெனுவுக்கும் ஆர்டருக்கும் ஒரு வெப் பக்கம் இருந்தது. லிங்க்கைத் தொட்டால் திறக்கும். மாமியே போனில் மெனுவை மாற்றுவார்; அந்த நிமிடமே எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு குறையும் இல்லை, பக்கத்துத் தெரு மெஸ்ஸுக்கு ஆப் வரும்வரை.

எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஆப் செய்பவர் ஒருவர் வந்தார். ஒருமுறை கோடு எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் ஓடும், கிராஸ் பிளாட்ஃபார்ம் என்று பேர் என்றார். சாப்பாட்டு நேரத்துக்குப் போனில் மணி அடிக்கும், நெட் இல்லாவிட்டாலும் திறக்கும் என்றார். வருஷத்து ஏகாதசியெல்லாம் பார்த்து மெனுவை ஆப்புக்குள்ளேயே வைத்துத் தந்தார். இனி எதற்கு என்று பழைய பக்கத்தை மூடியும் விட்டார்.

அவர் பார்த்தது தன் ஆபீஸ் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரை. சில மாதங்களில் காலண்டரில் ஒருநாளும், வைஷ்ணவர்களுக்கு மறுநாளும் ஏகாதசி வரும். ஸ்ரீரங்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் யாரையும் கேட்கவில்லை.

அப்படி ஒரு ஏகாதசிக்குச் சில நாள் முன்பு ஆப்பில் தேதி தவறியிருப்பதை மாமி கவனித்துவிட்டு ஆப்காரரைக் கூப்பிட்டார். அஞ்சு நிமிஷ வேலை என்றார் அவர். வேலை அஞ்சு நிமிஷம்தான். மாற்றியதை இரண்டு ஆப் கடைகளுக்கும் அனுப்பி, அவர்கள் பார்த்து அனுமதித்து, பிறகு ஒவ்வொருவரும் தன் போனில் அப்டேட் செய்யவேண்டும் என்பதை அப்புறம்தான் சொன்னார். ஒரு கடை உடனே அனுமதித்துவிட்டது. இன்னொன்று, சாப்பாட்டுக் கடை ஏன் அன்று மட்டும் சோறு விற்காது என்று விளக்கம் கேட்டு நிறுத்திவைத்தது. வைஷ்ணவ ஏகாதசிக்கு முதல் நாள் வரைக்கும் அப்படியே. ஒரே கட்டடத்தில் மாடி வீட்டுப் போனில் மறுநாளைக்கு உப்புமா, கீழ்வீட்டுப் போனில் சாம்பார் சாதம்.

"பெருமாளுக்கு ஒரே ஏகாதசி. உங்க ஆப்புல மாடிக்கு ஒண்ணா?" என்றார் மாமி.

"கோடு ஒண்ணுதாங்க மாமி," என்றார் அவர், பெருமையாகவே.

பழைய பக்கத்தைத் திறந்துவிடச் சொன்னார் மாமி. காபி ஆறுவதற்குள் திறந்துவிட்டார். எல்லோருக்கும் லிங்க் போனது. ஆனாலும் ஏகாதசி காலையில் ஆப்பில் சாம்பார் சாதம் கேட்டு ஒரு ஆர்டர் வந்தது. கீழ்வீட்டு ரிடையர்டு பெரியவர். அவர் வேண்டாம் என்றால் அந்தக் கட்டடமே மெஸ்ஸை நிறுத்திவிடும்.

"அவர் என்ன கேட்டாலும் உப்புமாவையே குடு. அரிசிதான் வேணும்னா வேற இடம் பார்த்துக்கட்டும்," என்றார் மாமி. கை மட்டும் கேரியர் மூடியைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தது.

பெரியவர் வாசலிலேயே திறந்து பார்த்தார்.

"சாம்பார் சாதம்னா போட்டேன்."

மாமி சொன்னதையே சொல்ல ஆரம்பித்தேன்.

"ஏகாதசியன்னிக்கு அரிசியை அனுப்பிடுவாளோன்னு பார்த்தேன்." மூடியை அழுத்தி மூடினார். "நாளைக்கு துவாதசி. விரதம் முடிக்கிற பாரணைச் சாப்பாடு சீக்கிரமே வந்துடணும். அந்த ஆர்டரை ஆப்புலயா லிங்க்குலயா, எதுல போடணும்னு மட்டும் மாமியைக் கேட்டுண்டு வா."