அக்கா ஏற்றுக்கொண்ட ஒருசந்தி

"ஜெசிந்தாக்கா போயிட்டாங்க சார்." போன வாரம் காலையில் போனில் இதைச் சொன்னவர் சவரிமுத்து. "எப்போ?" என்று முனகினேன். "விடியக்காலம் சார், தூக்கத்துலயே" என்று உடனே பதில் வந்தது. என் முனகல் அவருக்குக் கேட்டதில் அக்காவுக்குப் பங்குண்டு. அக்காவை அறிந்தவர்களுக்காக அதைச் சொல்கிறேன்.

எங்கள் மருத்துவமனையில் அக்கா டயட்டீஷியன். நான் அடுத்த அறையில் காது பரிசோதிப்பவன். காசநோய்க்குப் போடும் சில ஊசிகள் காதைக் கெடுக்கும். சத்துக் குறைந்த உடம்பில் அந்த ஆபத்து இன்னும் கூடலாம். அதனால் என்னிடம் வருகிறவர்களை அக்கா வாசலிலேயே மடக்கி, "காலைல என்ன சாப்ட்டீங்க?" என்பார். காது டெஸ்ட்டுக்கு வந்தவரிடம் வயிற்றை விசாரிக்கிறீர்களே என்று கிண்டல் செய்வேன். "ரெண்டும் ஒரே உடம்புலதானய்யா இருக்கு" என்பார்.

சவரிமுத்து ஆத்தூர்க்காரர். பூ மார்க்கெட்டில் ஏலம் விடுபவர். எந்த மூலையிலிருந்து யார் விலை கேட்டாலும் அவர் காதில் விழுந்தாக வேண்டும். காது போனால் பிழைப்பே போய்விடும். காசநோய் வார்டில் சேர்ந்து ஊசி தொடங்கிய சில வாரங்களில் காதுக்குள் ஒரே இரைச்சல் என்று வந்தார். சோதித்தேன். மெல்லிய கீச்சொலிகள் அவருக்குக் கேட்கவில்லை. வேறு மருந்து ஒத்துக்கொள்ளாததால் டாக்டர் ஊசியின் அளவைக் குறைத்தார்.

அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்.

"மதியம் மட்டுந்தான்க்கா. ஒருசந்தி. நோய் தீரணும்னு மாதாவுக்கு நேந்திருக்கேன்."

வார்டில் கொடுத்த முட்டையெல்லாம் பக்கத்துக் கட்டிலுக்குப் போயிருந்தது. நோயாளிக்கு உபவாசக் கடமை கிடையாது என்று அக்கா சொல்லிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை.

"சரி, உங்க ஒருசந்திய நான் இருக்கேன். மாதாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க மூணு வேளையும் சாப்பிடுங்க. சோறு காதைக் காப்பாத்தும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பட்டினி இந்த ஊசிக்குத் துணை போயிரும், அதான் பயமா இருக்கு."

அக்காவோ நாக்கு ருசி கண்டவர். கேண்டீனில் வடை வாசனை கிளம்பினால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார். "நேந்தது அவரு, காயிறது நானு" என்று ஈஸ்டர் வரை முணுமுணுத்தார். ஆனால் ஒரு நாளும் மீறவில்லை. முதல் நாள் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சவரிமுத்து அழுதுவிட்டார். பிறகு, "அக்கா பசியோட இருக்காங்க, நான் மிச்சம் வைக்கலாமா?" என்று தட்டை வழித்தே சாப்பிட்டார்.

போன கீச்சொலிகள் திரும்பவில்லை. சரிவு அதோடு நின்றது. அவர் ஏலத்துக்குத் திரும்பினார். டாக்டர் குறைத்த அளவா, நீங்கள் போட்ட சோறா என்று அக்காவைச் சீண்டினால், "ரெண்டும்னு வச்சுக்கய்யா" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு இல்லாமல் வராந்தாவே வெறிச்சென்று இருக்கிறது. இப்போது ஹெட்போனை மாட்டுவதற்கு முன் அக்காவின் கேள்வியை நான் கேட்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான். நேற்று ஒருவர், "இன்னும் சாப்பிடல சார்" என்றார். ஹெட்போனைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கேண்டீனுக்கு அழைத்துப் போனேன். அக்காவுக்கும் சேர்த்து வடை வாங்கினேன்.