நாங்கள் பெருக்கிய காட்டுப்பாதை

எங்கள் குடியிருப்பின் வாட்சப் குழுவில் போன வாரம் ஒரு விளம்பரம் வந்தது. தளிப் பக்கத்துச் சரணாலயத்தில் ஞாயிறு காலை இயற்கை நடை, குடும்பத்தோடு வரலாம், பாதை முழுக்க டைல்ஸ், செருப்பில் தூசு ஒட்டாது. கீழே ஆளாளுக்குக் கைதட்டல் பொம்மை போட்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ ஆறிப்போனது. செருப்பில் தூசு ஒட்டக் கூடாதென்றால் காட்டுக்கு எதற்கய்யா போகிறீர்கள்? ஓசூரில் மாலுக்கா பஞ்சம்?

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் என்று கேட்பீர்கள். அந்தப் பாதையை முதன்முதலில் சுத்தம் செய்த கூட்டத்தில் நானும் ஒருவன். கூட்டத்திலேயே நான்தான் நன்றாகப் பெருக்கினேன் என்று அன்றைக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

இது பல வருடங்களுக்கு முந்தைய கதை. அப்போது நான் ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் டிரெய்னி. சிங்காரப்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். சாணி அள்ளி வளர்ந்த எனக்கு இயந்திரத்தின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட் வாடை பழகவே இல்லை. சட்டையில், தலையணையில், ஏன், சாப்பிடும் தோசையில்கூட அந்த வாடைதான். அது மூக்கைவிட்டுப் போகும் ஒரே இடம் ஞாயிற்றுக்கிழமை காடு. வனத்துறை அப்போது இலவசமாகவே நடை கூட்டிப்போகும். நைட் ஷிப்ட் முடித்த கையோடு தளி பஸ் ஏறுவோம். தளிப் பக்கத்து விவசாயிகளும் வருவார்கள். நடை முடிந்ததும் செக்போஸ்ட் வாசலில் உட்கார்ந்து, யானை தின்றுவிட்டுப் போன ராகிக் கொல்லையைப் பற்றி வனத்துறை ஆட்களோடு சண்டை போடுவார்கள். நான் நடுவில் உட்கார்ந்து கொட்டாவி விடுவேன்.

எங்களைக் கூட்டிப்போனவர் மாதேசன். வனத்துறையில் தினக்கூலி வாட்சர், என் வயதுதான். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், திட்டுவதற்கு மட்டும் தெலுங்கு. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாங்கள் பஸ் இறங்குவதற்கு முன்பே தனியாக ஒரு நடை போய், பாதையில் கிடக்கும் யானைச் சாணியைப் பார்த்துவிட்டு வருவார். காலால் உடைப்பார், கையை வைத்துச் சூடு பார்ப்பார். காட்டுக்குள் இருக்கும் ஏரிப் பக்கம் இறங்கிய யானைக் கூட்டம் திரும்பி ஏறிவிட்டதா, உள்ளேயே நிற்கிறதா என்று அதை வைத்துத்தான் சொல்வார். சின்ன உருண்டை கிடந்தால் கூட்டத்தில் குட்டி இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஏரி வழி கிடையாது, பாறை வழிதான். சில மாதங்களில் எனக்கே அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டது. பெரிய நிபுணனைப்போல கம்பெனி ஹாஸ்டலில் அளந்துகொண்டிருந்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் ஃபைவ் எஸ் என்று ஒரு பைத்தியம் இருந்தது. வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம், தரையில் மஞ்சள் கோடு, தினமும் சுத்தம். ஸ்பேனர் இருக்கும் இடத்தில் ஸ்பேனரின் நிழலை வரைந்து வைத்திருப்பார்கள். அது நல்ல விஷயம்தான், தொழிற்சாலைக்கு. எங்கள் மேனேஜருக்கு அதைக் காட்டுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றிவிட்டது. சமூக சேவையாம். ஒரு சனிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் பேனர் கட்டி, விளக்குமாறும் சாக்குமாகப் போய் இறங்கினோம். மாதேசனை அன்று தீத்தடுப்பு வேலைக்கு வேறு பக்கம் அனுப்பியிருந்தார்கள்.

பெருக்கினோம். சருகை வாரினோம். கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். யானைச் சாணியை ஒன்றுவிடாமல் சாக்கில் கட்டினோம், கம்பெனித் தோட்டத்துக்கு உரமாகுமாம். ஏரிக்கு இறங்கும் வளைவில் நான் வாரியது இளஞ்சூடாக இருந்தது. பக்கத்தில் சின்ன உருண்டைகள். எனக்கு அது என்னவென்று நன்றாகவே தெரியும். திரும்பி ஏறிய தடம் எதுவும் இல்லை என்பதும் தெரியும். மேனேஜர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் சாக்கைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தேன்.

மறுநாள் ஞாயிறு. மேனேஜர் தன் சாதனையைக் காட்ட விருந்தாளிகளையும் எங்களில் சிலரையும் கூட்டி வந்திருந்தார். அதிகாலையில் தனி நடை போய்விட்டு வந்த மாதேசன் வழிமறித்து நின்றார். பாதையில் ஒன்றுமே இல்லை, எது உள்ளே இருக்கிறது என்று தெரியவில்லை, இன்றைக்கு வேண்டாம், திரும்பிவிடலாம் என்றார். மேனேஜர் சிரித்தார். இவ்வளவு சுத்தமான பாதையில் என்ன பயம் என்று கேட்டார். வனத்துறை அதிகாரியும், விருந்தாளிகள் தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், போய்விட்டு வா என்று சொல்லிவிட்டார். மாதேசன் நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணா, நேத்து நீங்க வாரினதுல குட்டிச் சாணி ஏதாச்சும் இருந்துச்சா?"

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதம்தான் எனக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் வரவேண்டும்.

"கவனிக்கல மாதேசு" என்றேன்.

அந்த வார்த்தையை நம்பித்தான் அவர் ஏரி வழியில் முன்னால் நடந்தார். வளைவில் தாயும் குட்டியும் நின்றன. ஓடாதீர்கள் என்று கத்திக்கொண்டே மாதேசன் கையை விரித்து எங்களுக்கும் யானைக்கும் நடுவில் நின்றார். எல்லோரும் ஓடினோம். எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை செய்யும் அம்மா ஒருவர் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். யானை இரண்டடி முன்னால் வந்து, மண்ணை உதைத்துவிட்டு, குட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அதற்கு இருந்த நிதானம் எங்களில் ஒருவருக்கும் இல்லை.

விசாரணை வந்தது. வழிகாட்டி பாதையைச் சரியாகப் பார்க்காமல் கூட்டிப்போனார் என்று மேனேஜர் எழுதினார். சாட்சிக்கு நான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். வாசிக்காமல் போட்டேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். இரண்டு முறை வாசித்தேன். தினக்கூலியை நிறுத்த ஆர்டர்கூட வேண்டாம், நாளையிலிருந்து வராதே என்றால் போதும். மாதேசன் போனார். பின்னாலேயே ஞாயிறு நடையும் நின்றது. எனக்குக் கடிதம் வந்தது.

விளம்பரத்தைப் பார்த்த ஆத்திரத்தில் இந்த ஞாயிறு நானும் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தேன். மைக் மாட்டிய ஒரு பெண் இனிமையாகப் பேசிக்கொண்டு வந்தாள். யானைச் சாணி எங்கேம்மா என்று கேட்டேன். "ஹவுஸ்கீப்பிங்ல ஆறு மணிக்கு முன்னாடியே எடுத்துருவாங்க சார்" என்றாள் பெருமையாக. அந்தப் பிள்ளைமேல் கோபப்பட்டு என்ன செய்ய? நாங்கள் ஒருநாள் செய்த முட்டாள்தனத்துக்கு இப்போது ஆள் போட்டுச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அங்கிருந்து நேராகத் தளிக்குப் போய், விசாரித்து, மாதேசனின் தோட்டத்தைக் கண்டுபிடித்தேன். பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சின்ன உருண்டைகளையும் சொன்னேன். அவர் கூடையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"தெரியும். அன்னிக்குச் சாயங்காலமே உங்க கம்பெனித் தோட்டத்துக்கு வந்து அந்தச் சாக்கெல்லாம் பிரிச்சுப் பாத்தேன்."

அப்படியென்றால் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்தக் குட்டிச் சாணிய விசாரணைக்கு எடுத்துக்கினுதான் போனேன். அதுக்குள்ள நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்க."

கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காட்டுக்குள் அவர் அதற்குப் பிறகு கால் வைக்கவே இல்லையாம். அந்த ஏரிக்கு எந்தக் கூட்டம் எப்போது இறங்கியது, குட்டி உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்ல இன்றைக்கு அங்கே ஓர் ஆள் கிடையாது. நான் கையெழுத்துப் போட்ட காகிதம் மட்டும் ஏதோ ஓர் அலுவலக அலமாரியில் பத்திரமாக இருக்கும்.