டேஷ்போர்டில் மூன்று பொட்டு

ஆடி மாதத்தில் நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது என்பார்கள். தொண்ணூறுகளின் நடுவே ஓர் ஆடியில், என் மாமனாரின் காரில் இருந்து கழற்றிய டேஷ்போர்டைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டு, திருநெல்வேலி டவுனில் பாளையங்கோட்டை பஸ் ஏறினேன். அப்படிச் சொல்லி வைத்தவர்கள் விவரமானவர்கள் என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது.

கார் என்றால் ஊரில் ஓடுகிற கார் இல்லை. மேற்கே மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன வண்டி. இரண்டே இருக்கை, மேலே கூரை கிடையாது, நீளமான மூக்கு. வாலிபத்தில் மாமனார் அதை வாங்கினார். ஆற்றுப் பாசனத்தில் இருந்த குடும்ப வயல்கள் பின்னால் நில உச்சவரம்புச் சட்டத்தில் போயின. இரண்டு இருக்கை மட்டும் உள்ள வண்டிக்கு எந்தச் சட்டமும் உச்சவரம்பு வைக்கவில்லை. ஆகவே அது மிஞ்சியது.

மாமனாருக்கு ஒரே ஆசை. ஆவணியில் நடக்க இருந்த மகன் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு இந்த வண்டியில்தான் நடக்க வேண்டும். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து ரத வீதிகளில் அவரே ஓட்டி வர வேண்டும். எஞ்சின் ஓடியது. சிவப்புப் பெயின்ட் புதிதாக அடித்தாகிவிட்டது. ஆனால் மரத்தாலான டேஷ்போர்டு மட்டும் வார்னிஷ் வெடித்து, பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி இருந்தது.

"மேல ஒரு மைக்கா ஷீட்ட ஒட்டிருவோம் மாமா. மரம் மாதிரியே டிசைன் வருது. ஒரு மணி நேர வேல" என்றார் என் சகலை, அதாவது மனைவியின் அக்கா கணவர்.

இங்கே சகலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கங்கைகொண்டான் பக்கம் ஒரு மில்லில் இன்ஜினியர். மாமனார் வீட்டில் குக்கர் முதல் தண்ணீர் மோட்டார் வரை எது நின்றாலும் அவரைக் கூப்பிடுவார்கள். கல்லூரியில் சரித்திரம் நடத்துகிற என்னையும் கூப்பிடுவார்கள், மணியார்டர் படிவம் நிரப்ப. பத்து வருஷமாக நிலைமை இதுதான். பேரரசுகள் வீழ்ந்ததற்கு வகுப்பில் ஏழு காரணம் சொல்லுவேன். நான் வீழ்ந்ததற்கு ஒரே காரணம், அன்று வாயைத் திறந்தது.

"அந்தக் காலத்து மரத்த மைக்கா வச்சு மூடுறதாவது! குடுங்க மாமா, நானே பாலிஷ் போட்டுத் தாரேன்."

சகலை என்னைக் காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல் பார்த்தார். மாமனார் மட்டும், "நெசமாத்தான் சொல்லுதியளா மாப்பிள்ளை? உங்கள நம்பித் தாரேன்" என்றார். பத்து வருஷத்தில் என்னை நம்பி அவர் தந்த இரண்டாவது பொருள் அது. முதலாவது அவர் மகள்.

என் துணிச்சலுக்கு ஆதாரம், கல்லூரி நூலகத்தில் இருந்த ஓர் ஆங்கிலப் புத்தகம். பழைய மரச்சாமான்களைப் புதுப்பிப்பது எப்படி என்று சொல்வது. பெரும்பாலும் படித்திருந்தேன். நீச்சல் பற்றியும் ஒரு புத்தகம் முழுசாகப் படித்திருக்கிறேன். தாமிரபரணியில் இன்றுவரை இடுப்பளவுக்கு மேல் போனதில்லை.

பஸ்ஸில் காற்றுக்குப் போர்வை விலகியது. மீட்டர்கள் இருந்த இடத்தில் ஐந்தாறு வட்ட ஓட்டைகள். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, ஒரு ஈட்டுக்கு இட்லி எத்தன வரும்?"

ஆற்றுப்பாலம் தாண்டுகிற வரை பஸ் சிரித்தது. நானும் கூடவே சிரித்து வைத்தேன். தனியாகச் சிரிக்கப்படுவதைவிட அது மேல்.

முதல் இரண்டு நாள் வேலை அற்புதமாகப் போனது. பழைய வார்னிஷை மருந்து தடவிச் சுரண்டினேன். உள்ளே இருந்து தேன் நிறத்தில் வால்நட் மரம் எழுந்து வந்தது. ரேகைகள் ஆற்றில் சுழல் விழுந்த மாதிரி வளைந்து வளைந்து போயின. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. இது என்ன மூணு கறை?" என்றாள்.

நடுவில் வரிசையாக மூன்று கருஞ்சிவப்பு வட்டங்கள். யோசித்தபோது புரிந்தது. அவை என் மாமியாரின் கைவேலை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, டேஷ்போர்டின் நடுவில் மூன்று சந்தனப் பொட்டும் அதன்மேல் குங்குமமும் இடுவார்கள். நுனிவிரலால் தொட்டும் தொடாமலும் அல்ல, நன்றாக அழுத்தி. முப்பது வருஷத்து நவராத்திரிகள் வார்னிஷ் வெடிப்பு வழியாக இறங்கி மரத்தில் குடியேறியிருந்தன.

உப்புத்தாளை எடுத்தேன். ஓரத்துப் பொட்டுகள் இரண்டும் மரியாதையாகப் போய்விட்டன. நடுப்பொட்டு போகவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். மங்கியது. மங்குகிறதே என்று உற்சாகமாகத் தேய்த்தேன். எதிரி பின்வாங்கும்போது துரத்திப் போகக் கூடாது என்று சரித்திரத்தில் எத்தனை போர்களை உதாரணம் காட்டியிருப்பேன்! கறை போயே போய்விட்டது. கூடவே மரமும் போய்விட்டது. தேன் நிறத்துக்கு நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்கு, சோகை பிடித்த மாதிரி வெளிறிய வட்டம்.

அப்போதுதான் புத்தகத்தில் நான் தாண்டிப்போயிருந்த அத்தியாயத்தைத் திறந்தேன். இந்த மாதிரி டேஷ்போர்டு முழு வால்நட் இல்லையாம். உள்ளே சாதாரணப் பலகை. மேலே அப்பளக் கனத்துக்கு வால்நட்டைச் சீவி ஒட்டியிருப்பார்களாம். வினீர் என்று பெயர். 'அதிகம் தேய்க்காதீர்கள்' என்று கறுப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

தரையில் உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து பார்த்தாள்.

"எங்கப்பாக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்கன உக்காந்திருக்கேன்?"

அவள் திட்டியிருக்கலாம். "அத்தான் மைக்காவ அப்பமே சொன்னாவ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குத் திட்டே தேவலாம்.

மறுநாள் கல்லூரி ஆபீசுக்கு சகலையின் போன். "சகலை, எப்படிப் போகுது? மைக்கா ஷீட் ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். எதுக்கும் இருக்கட்டுமேன்னுதான்."

"பிரமாதமா போகுது" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

மரச்சாமான் கடைகளில் விசாரித்தேன். வால்நட் என்றால் ஐஸ்கிரீமா என்று கேட்டார்கள். ஒரு கடைக்காரர் பரிதாபப்பட்டு மைக்கா ஒட்டித் தருவதாகச் சொன்னார். உலகம் முழுவதும் சகலையின் பக்கம் நின்றது.

கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று டேஷ்போர்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளப் போனேன். நிமிர்த்தியபோது, அதில் இடது பக்கம் இருந்த சின்ன அறையின் கதவு தானாகத் திறந்து தொங்கியது. கையுறை, காகிதம் எல்லாம் வைக்கிற அறை. கதவின் உட்பக்கத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் பார்க்காத உட்பக்கத்திலும் அந்தச் சீமைத் தச்சன் அதே வால்நட்டை ஒட்டியிருந்தான். அதே நிறம், அதே சுழல். யாருமே திறந்து பார்க்காத இடத்தில் உள்ளங்கை அகல மரம், வெயில் படாமல், குங்குமம் படாமல்!

பழைய பசை ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகும் என்றது அதே அத்தியாயம். எங்கள் வீட்டு மின்சார இஸ்திரிப்பெட்டி ஆறு மாதமாகச் சூடேறவில்லை. சகலையைக் கூப்பிட்டால் சரிசெய்வார் என்பதாலேயே அப்படியே கிடந்தது. தெருமுனையில் வண்டி போட்டுத் துணி தேய்க்கிற அண்ணாச்சியிடம் போனேன்.

அவர் டேஷ்போர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார்வாள், இதுல எங்கன மடிப்பு எடுக்கணும்?"

விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"கருகிட்டுன்னா என்னயச் சொல்லப்படாது."

"சொல்ல மாட்டேன். நான் செஞ்சத விட நீங்க கெடுத்துர முடியாது."

"அப்பம் சரி."

ஈரத்துண்டை நாலாக மடித்துக் கதவின் மேல் விரித்தார். கரிப்பெட்டியை ஊதிச் சாம்பல் தட்டி, துண்டின் மேல் வைத்தார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. எடுத்தார், வைத்தார், எடுத்தார். சட்டைக் காலருக்குக் காட்டும் அதே நிதானம். என் கையில் வீட்டில் இருந்து கொண்டுவந்த தோசைக்கரண்டி. மூன்றாம் முறை ஆவி அடங்கியதும் அவர் கண் காட்டினார். விளிம்பில் கரண்டியைக் கொடுத்தேன்.

"பைய, சார்வாள். பைய. தோச பிஞ்சிரும்."

மூச்சு விடாமல் தள்ளினேன். வினீர் முனகிக்கொண்டே எழும்பி, முறுகல் தோசை மாதிரி முழுசாகக் கரண்டியில் வந்து உட்கார்ந்தது. கூடவே ஒரு வாடை. அண்ணாச்சி மூக்கைச் சுளித்தார்.

"இது வச்சிரப் பசைல்லா! மாட்டுத் தோலு, எலும்பு எல்லாம் போட்டுக் காய்ச்சுவானுவ. உங்க வீட்டுல சைவமாச்சே சார்வாள்?"

தோசைக்கரண்டியைப் பார்த்தேன். அது வீடு திரும்பவில்லை. புதிது வாங்கிக் கொடுத்து, பழையது பஸ்ஸில் தொலைந்தது என்றேன். தோசைக்கரண்டியோடு எதற்குப் பஸ் ஏறினேன் என்று என் மனைவி கேட்கவில்லை. அவள் பெருந்தன்மைக்கு வேறு சான்று வேண்டாம். மாமியார் முப்பது வருஷம் எதன்மேல் பொட்டு வைத்தார்கள் என்பதையும் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு என் கை எனக்கே புதிதாக இருந்தது. வெளிறிய வட்டத்தைச் சுற்றி, ரேகை போகும் போக்கிலேயே சவர பிளேடால் வாழையிலை வடிவில் வெட்டி எடுத்தேன். புது வினீரிலும் அதே வடிவம், அதே சுழல் பொருந்தும் இடத்தில். நாலு முறை தப்பாக வெட்ட மரம் இருந்தது, மூன்று முறை வெட்டினேன். மூன்றாவது, திறவுகோல் பூட்டில் விழுவது போல விழுந்தது. வெள்ளைப் பசை வைத்து, மேலே உலக சரித்திரத்தின் ஐந்து தொகுதிகளை அடுக்கினேன். அந்தப் புத்தகங்களால் எனக்கு இவ்வளவு நேரடியான பயன் அதற்கு முன்பு கிடைத்ததில்லை.

மிஞ்சியது பாலிஷ். அவலரக்கு என்கிற அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, எட்டுப் போட்டபடி தடவ வேண்டும். ஒரு தூசி விழுந்தாலும் பருவாக நிற்கும். வெளியே ஆடிக்காற்று பாளையங்கோட்டை மண்ணையெல்லாம் அள்ளி எங்கள் ஜன்னல் வழியாகப் போட்டுக்கொண்டிருந்தது. கட்டிலில் கொசுவலையைக் கட்டி, டேஷ்போர்டோடு நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். நாலு நாள், பட்டப்பகலில், வேட்டியும் பனியனுமாக.

"அடுத்த வீட்டுல கேக்காவ, சாருக்கு மலேரியாவான்னு" என்றாள் மனைவி, வலைக்கு வெளியே நின்று.

"ஆமான்னு சொல்லு."

ஐந்தாம் நாள் காலை வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். அதில் என் முகம் தெரிந்தது. அப்படி ஒரு வெளிச்சத்தில் என் முகத்தை நான் பார்த்ததே இல்லை. நடுவில் ஒட்டு எங்கே என்று எனக்கே இரண்டு முறை தேட வேண்டியிருந்தது. மனைவி விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அத்தானக் கூப்பிட்டுக் காட்டணும்" என்றாள். பத்து வருஷக் குடித்தனத்தில் என் காதில் விழுந்த தேன் அதுதான்.

மீட்டர்களைத் திரும்ப மாட்டியவர் சகலை. மாட்டுவதற்கு முன் டேஷ்போர்டைச் சாய்த்துப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், நகத்தால் கீறப் போய் நிறுத்திக்கொண்டார்.

"எந்தக் கடையில குடுத்திய சகலை?"

"நானேதான்."

"சும்மா சொல்லாதீங்க."

"தேய்க்கிற அண்ணாச்சி கூட ஒத்தாசைக்கு இருந்தாரு."

இதையும் அவர் நம்பவில்லை. உண்மையைச் சொல்லி நம்பப்படாமல் இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

ஆவணியில், கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பிள்ளையார் கோயில் வாசலில் வண்டி நின்றது. நாதஸ்வரக்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மைத்துனன் கோட்டும் மாலையுமாக உள்ளே ஏறினான். பட்டு வேட்டி கட்டிய மாமனார் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். விளக்கு வெளிச்சம் டேஷ்போர்டில் ஏறி, வால்நட் சுழல்கள் நிஜமாகவே ஓடுவது போல இருந்தது. சொந்தக்காரர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். நான் பக்கத்திலேயே, கேட்டால் சொல்லலாம் என்று நின்றேன்.

மாமனார் மடியில் இருந்து திருநீற்றுப் பையை எடுத்தார். எங்காவது வைக்க வேண்டுமே என்று இடது பக்கம் கை நீட்டி, முப்பது வருஷமாக என்னைத் தவிர யாரும் திறக்காத அந்தச் சின்னக் கதவைத் திறந்தார்.

உட்பக்கத்தில் வால்நட் இல்லை. உரித்த இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு டேஷ்போர்டின் நடுவை, பொட்டு இருந்த இடத்தை, பார்த்தார். பிறகு என்னை. வருவாய்த் துறையில் வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ திருத்திய பத்திரங்களைக் கண்டுபிடித்த கண். எனக்குப் பின்னால் சகலை நின்றார்.

மாமனார் பையை உள்ளே வைத்துக் கதவைப் பதமாக மூடினார்.

அந்த நேரம் பார்த்து மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். மூன்று விரலைச் சந்தனத்தில் தோய்த்து, நேராக டேஷ்போர்டின் நடுவுக்கு. என் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. நாதஸ்வரக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏளா, நில்லு" என்றார் மாமனார். "அங்கன வைக்காத."

"நல்ல காரியத்துக்குப் பொறப்படுதோம், பொட்டு வைக்காமலா?"

"ஆயுதத்துக்குத்தான பொட்டு வைக்கணும்? ஆயுதம் அந்தா நிக்கு பாரு." என்னைக் காட்டினார். "அவருக்கு வையி. மொத்த வேலையும் அவரு கைதான்."

'கைதான்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லி, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

மாமியார் என் நெற்றியில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார்கள். வழக்கம்போல நன்றாக அழுத்தி. சகலை கை தட்டினார், உண்மையாகவே. வண்டி உறுமிப் புறப்பட்டது. நான்கு ரத வீதியும், வண்டிக்கு ஒரு முழம் பின்னால், அந்தப் பொட்டோடு நடந்தேன். காய்ந்து நெற்றி இழுத்தது. குங்குமம் வியர்வையில் வழிந்து புதுச் சட்டையில் சொட்டி, கருஞ்சிவப்பாக ஒரு கறை விழுந்தது.

அந்தக் கறை இன்னும் இருக்கிறது. தேய்த்துப் பார்க்கவில்லை.