சம்மனசுக்கு வைத்த முகம்

மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலின் திரைச்சீலைகள் எல்லாம் ஜவஹர் அண்ணன் வரைந்தவை. ராயப்பேட்டையில் பெயர்ப்பலகை எழுதுகிறவர். தெரிந்தவர் முகம் இல்லாமல் அவருக்கு ஓர் உருவமும் வராது. கற்பனையில் வரைந்தால் பொம்மை மாதிரி விறைத்துக்கொள்ளும்.

இந்த வருடத் திருவிழாவுக்குக் கடைசித் தீர்வையை, உலக முடிவில் கடவுள் தீர்ப்புச் சொல்லும் காட்சியை, வரைந்தார். நரகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். முன் பெஞ்சில் கைக்குட்டை போட்டு இடம் பிடிக்கும் அம்மா, பிரசங்க நேரத்தில் செல்போன் நோண்டுபவர், பாடகர் குழுவில் மைக்கை விடாத நான், எல்லாரும் எண்ணெய்க் கொப்பரையில். கொம்பும் வாலுமாக எங்களைக் கிண்டிவிடும் பேய்க்குப் பங்குப் பேரவைத் தலைவர் இன்னாசிமுத்துவின் முகம். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்கிற கடுகடுப்பான ஆள். நன்றாக வேண்டும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மேலே, நல்லவர்களை மோட்சத்துக்கு அழைத்துப்போகும் சம்மனசு என்னும் தேவதூதனுக்கு, ஜவஹர் அண்ணன் தன் மகள் அன்புக்கரசிக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை ரீகனின் முகத்தை வைத்திருந்தார். பால்வடியும் முகம்தான். கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

யாரோ அதைப் படம்பிடித்து, கோயில் பெயரோடு வாட்ஸ்அப்பில் போட்டார்கள். நரகத்தின் வேடிக்கைக்காகவே அது ஊரெல்லாம் சுற்றியது.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. இரண்டு வாரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு மாப்பிள்ளையும் வந்திருந்தான். சாமியார் ஓலையை வாசித்து முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு எழுந்து செல்போனைத் தூக்கிக் காட்டினாள்.

“சாமி, இந்தப் படத்துல ரெக்கை வச்சிக்கினு நிக்கிறானே, அவன் என் புருசன். ஈக்காட்டுத்தாங்கல்ல என்னையும் புள்ளையையும் வுட்டுட்டு வந்து எட்டு மாசம் ஆவுது.”

ரீகன் பக்கத்துக் கதவு வழியாக நழுவப் பார்த்தான். இன்னாசிமுத்து குறுக்கே கை நீட்டினார்.

“பதில் சொல்லிட்டுப் போ நைனா.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அந்தப் பெண்ணை ஒரு பெஞ்சில் உட்காரவைத்துக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தவரும் இன்னாசிமுத்துதான். பிறகு ஜவஹர் அண்ணனிடம் வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“பையன் வேலை பாக்குற எடத்துல ஒரு தபா விசாரிச்சிரலாம்னு வூட்டுக்கே வந்து சொன்னனே ஜவஹரு. நீ கோவிச்சிக்கினு எனக்குக் கொம்பு வரைஞ்சுட்ட.”

அந்தக் கொம்பைப் பார்த்து நானும்தானே சிரித்தேன்.

அதுவரை அப்பா பக்கத்தில் நின்ற அன்புக்கரசி மெதுவாகத் திரும்பினாள்.

“இவரு வந்து சொன்னாருன்னு என்னாண்ட ஏன்பா சொல்லல?”

ஜவஹர் அண்ணன் அவள் தோளைத் தொட வந்தார். அவள் அவரைத் தாண்டிப் போய், அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.