எட்டு பாகம்தான் அளவு

ஒரு துப்பறியும் தொடருக்கு ஒரு சீசனில் எத்தனை பாகம் இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், விச்சுவின் வாய் ஓயாது. "எட்டு. ரெண்டுல விதைக்கணும், நாலுல வளர்க்கணும், ரெண்டுல அறுக்கணும். ஒன்பதாவது வந்தா அது கலை இல்லை, வியாபாரம்" என்பார். புனேயில் வானவடியிலிருந்து ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவுக்கு, சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று ஒன்றே கால் மணி நேரம் போகும் காரில் இந்த உபதேசத்தைக் கேட்க மூன்று பேர் இருந்தார்கள்.

கார் முகமது ரஃபீக்குடையது. கோயம்புத்தூர்க்காரர், ஆறு பாகம் போதும் என்கிற கட்சி. தூத்துக்குடி செல்வமேரிக்குப் பத்து வேண்டும். செத்தவன் வீட்டுக் கதை, கொன்றவன் வீட்டுக் கதை எல்லாம் தெரியாவிட்டால் மனசு ஆறாது. புனேயிலேயே பிறந்து வளர்ந்த ரீனாவுக்கு நாலுக்கு மேல் பொறுமை கிடையாது. நால்வரும் ஒரே அபார்ட்மெண்ட், பார்ப்பதும் ஒரே துப்பறியும் தொடர். நாளுக்கு ஒரு பாகம் பார்ப்பது, மறுநாள் காலை காரில் அலசுவது, யாரும் முந்திப் பார்க்கக் கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம். சட்டத்தை இயற்றியவர் விச்சு.

அதை மீறியவரும் அவர்தான். சீசனின் எட்டு பாகமும் ஒரே வெள்ளிக்கிழமை வெளியாகும். அன்று விச்சு வீட்டிலிருந்து வேலை. மனைவி வைஜயந்தி, கேம்ப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர், காலை ஏழே காலுக்குக் கிளம்பினால் மதியம் இரண்டரைக்குத்தான் வருவாள். லேப்டாப்பில் ஆபீஸ் மீட்டிங் தன்பாட்டுக்கு ஓட, டிவியில் தொடர் தன்பாட்டுக்கு ஓடும். ஐம்பது நிமிடம் வீதம் எட்டு பாகம் அந்த இடைவெளிக்குள் கச்சிதமாக அடங்கும், குளிக்கவும் தயிர்சாதம் சாப்பிடவும் முப்பத்தைந்து நிமிடம் மிஞ்சும். ஒன்பதாவது பாகம் வந்தால் வைஜயந்தியும் வந்துவிடுவாள். விச்சுவின் கலைக் கொள்கை பிறந்த கதை இவ்வளவுதான்.

திங்கட்கிழமை காரில் ஏறினால் மனுஷனுக்கு ஒன்றும் தெரியாது. முதலில் வேண்டுமென்றே தப்பான ஆளைச் சந்தேகப்படுவார். நாலாம் பாகத்தில் நெற்றியைத் தேய்ப்பார். ஐந்தில், "எனக்கென்னமோ அந்த போட்டோ ஸ்டுடியோக்காரன் மேல ஒரு கண்ணு" என்று ஜன்னல் பக்கம் பார்த்துச் சொல்வார். எட்டில் போட்டோ ஸ்டுடியோக்காரன் மாட்டுவான். மூன்று சீசன், மூன்று கொலையாளி, மூன்றும் சரி. "ஏனுங்க சார், நீங்கெல்லாம் போலீசுக்குப் போயிருக்கோணும்" என்று மலைத்துப்போன ரஃபீக், முன் சீட்டை அவருக்கே நிரந்தரமாக ஒதுக்கிக் கொடுத்தார்.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் விச்சுவின் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது அவர் வேலை. அவர் கண்ணுக்குத் தப்பிய பிழைகளைப் பத்தொன்பது வருடமாக வாடிக்கையாளர்கள் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவரிடம் வேலை கற்றவர்கள் இப்போது அவருக்கே மேலதிகாரிகள். வீட்டில் அவர் வாயைத் திறந்தால் வைஜயந்தி விடைத்தாள் கட்டைத் திறப்பாள். அவரைக் கெட்டிக்காரர் என்று நம்பும் இடம் உலகத்தில் அந்தக் கார் ஒன்றுதான். அந்தப் பெயர் போனால் அவரிடம் வேறு பெயர் கிடையாது.

நாலாவது சீசனில் தயாரிப்பாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பாகம் எட்டுதான், ஆனால் வாரத்துக்கு ஒன்று.

"ரசனையைக் கொல்றாங்க!" என்று விச்சு கொதித்தார். கொதித்து என்ன பிரயோஜனம்? திங்கட்கிழமை மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். கம்பவுண்டர்தான் கொலையாளி என்றார். வெள்ளிக்கிழமை கம்பவுண்டர் செத்துப்போனான். படகுக்காரன் என்றார். அடுத்த வெள்ளி படகுக்காரனும் செத்தான்.

"சார் கை காட்டுனாப் போதுமுங்க, ஆளு காலி" என்றார் ரஃபீக். ஐந்தாம் வாரம் செல்வமேரி தனக்குக் கால்வலி என்று சொல்லி முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஆறாம் வாரமும் கால்வலி தீரவில்லை. பின் சீட்டில் ரீனாவின் தோள்பைக்கும் கதவுக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு, விச்சு உள்ளுக்குள் வெந்தார். நிஜமாகவே வலித்தது.

ஏழாம் பாகத்தை அவர் பார்த்த விதமே வேறு. வாழ்க்கையில் முதல் தடவையாக நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக உட்கார்ந்தார். இரண்டு முறை பார்த்தார். மூன்றாம் முறை ஓரிடத்தில் நிறுத்தினார். கதாநாயகனான இன்ஸ்பெக்டரின் அண்ணி, செத்த ஆளை அவன் வீட்டுக்கு வந்த அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சாதிக்கிற உத்தமி, அந்த நாளைக் காட்டும் பழைய காட்சியில் அவனிடம் எதுவும் கேட்காமலே சர்க்கரை போடாத டீயை நீட்டுகிறாள். அவனுக்குச் சர்க்கரை வியாதி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? விச்சு அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். ஆபீஸில் இப்படி ஒரு பிழையை அவர் ஒருநாளும் பிடித்ததில்லை.

"அண்ணிதான்" என்றார் திங்கட்கிழமை. கார் முழுக்கச் சிரித்தது.

வெள்ளிக்கிழமை அண்ணிக்கு விலங்கு மாட்டினார்கள். அதே டீயைச் சொல்லித்தான் மாட்டினார்கள். வீட்டில் விச்சு நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். வைஜயந்தி விடைத்தாளிலிருந்து தலை நிமிர்ந்து, "என்ன, முதுகு பிடிச்சிண்டதா?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை பத்து நிமிடம் முன்னதாகவே கீழே இறங்கி, காரின் முன் கதவருகே நின்றார். செல்வமேரி வந்தாள்.

"எந்த சைட்டுல படிச்சீய அண்ணே?"

"என்னது?"

"அரே அங்கிள், வியாழக்கிழமையே லீக் ஆச்சு நா. சப்கோ பதா ஹை, எல்லாருக்கும் தெரியும்" என்றாள் ரீனா.

"நான் எதுவும் படிக்கலை. நான் சொன்னது போன திங்கட்கிழமை. நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சேன். சத்தியமா!"

ரஃபீக் அவர் தோளில் ஆதரவாகக் கை வைத்தார். "விடுங்க சார். போன வாரமே எங்கியாச்சும் கசிஞ்சிருக்கும். மூணு சீசன் உங்க மூளையப் பாத்தவங்களுங்க நாங்க. அதுல ஒரு நேர்மை இருந்துச்சு. இது காப்பின்னு பாத்தாலே தெரியுதுங்க."

விச்சு வாயைத் திறந்தார். காப்பி அடிப்பது எப்படியிருக்கும் என்று அந்த மூவரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். இது அதுவல்ல என்று நிரூபிக்க வேண்டுமானால், அது எது என்று முதலில் சொல்ல வேண்டும்.

முன் கதவை விட்டு நகர்ந்து, பின் கதவைத் திறந்தார். கார் கிளம்பியது. அடுத்த சீசனுக்கு ஆறா, பத்தா என்று மூவரும் சண்டையைத் தொடங்கினார்கள். விச்சுவை யாரும் கேட்கவில்லை.