வட்டி குறைந்த வருஷம்

என் தம்பி பெண்டாட்டி பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்கு, ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பட்டறையில் உட்கார்ந்து மெழுகிலும் பிளாஸ்டரிலும் மாதிரி பிடித்துப் பல் செட் செய்து கொடுப்பவள். சாயங்காலம் வேலை விட்டு வரும்போது புருவமெல்லாம் வெள்ளைத் தூசியாக இருக்கும். "வயசாயிடுச்சா, வேலை முடிஞ்சுதா?" என்று கேலி செய்வேன். "ரெண்டும்தான் அண்ணி" என்பாள்.

நாத்தனாருக்கும் தம்பி பெண்டாட்டிக்கும் ஆகாது என்பது உலகம் அறிந்த விஷயம். எங்களுக்குள் அது நடக்கவில்லை. என் நல்ல குணம்தான் காரணம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸாக இருக்கிறேன்; என் வாய்க்கு வார்டே பயப்படும். கல்யாணம், குழந்தை என்று எதுவும் வைத்துக்கொள்ளாத கட்டை நான். இவளிடம் மட்டும் என் வாய் அடங்கிப் போனதற்குக் காரணம் பரிதாபம். என் தம்பியோடு குடும்பம் நடத்துகிறாளே, அந்தப் பரிதாபம்.

தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், வருமானத்தை ஒளிக்க மாட்டான். திருத்துவான். குழாயைச் சரியாக மூடவில்லை என்று காலையில் ஆரம்பிப்பான். செருப்பை விட்ட இடம் தப்பு, வெங்காயம் நறுக்கிய அளவு தப்பு, போனில் சிரித்தது சத்தம். பகலெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஊரைத் திருத்திவிட்டு வருகிறவனுக்கு வீட்டுக்கு வந்தும் நிறுத்தத் தெரியவில்லை. கல்லானாலும் கணவன் என்று சொல்லிவைத்தவர்களுக்கு என்ன போச்சு? கல் வாயை மூடிக்கொண்டு கிடக்கும்.

எல்லாவற்றையும்விட மோசம், அவன் சொல்வது பெரும்பாலும் சரியாக இருப்பது. கணக்கில் தப்பே விடமாட்டான். கடைக்காரன் கொடுத்த ரசீதைக் கண்ணால் ஒரு ஓட்டு ஓட்டி, கூட்டலில் தப்பு என்று அங்கேயே நின்று சொல்வான். அதனால் வீட்டில் காசு விஷயம் முழுக்க அவன் பொறுப்பு. அவள் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுவாள்.

இரண்டு வருஷம் முன்னால், என் கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி போட அவள் பட்டறைக்குப் போயிருந்தேன். கையில் பிடித்திருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"வீட்டுக் கடன் முடியட்டும் அண்ணி. முடிஞ்ச அன்னிக்கு நான் போயிடுவேன்."

"எங்கடீ?"

"தனியா. வீட்டை வித்தா பாதி எனக்கு. ஒரு ரூம் எடுத்து, கீழ பட்டறை, மேல படுக்கை. பல்லு செய்வேன். யாரும் என் முதுகுக்குப் பின்னால நின்னு பார்க்க மாட்டாங்க."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அவள் அடுத்த வாரம் கடைக்குப் போவதைச் சொல்வது மாதிரி சொன்னாள். சொந்தத் தம்பியை விட்டுப் போகிறேன் என்கிறவளிடம் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த ரூமில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவாளா என்றுதான் தோன்றியது.

இப்போதே போனால் என்ன என்று கேட்டேன். கடன் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது, இரண்டு சம்பளமும் சேர்ந்தால்தான் தவணை கட்ட முடிகிறது, ஒருத்தர் நின்றால் வீட்டை பேங்க் எடுத்துக்கொள்ளும் என்றாள். வீடு வாங்க முதலில் கட்டிய பணத்தில் அவள் அம்மா விட்டுப்போன வளையல்களும் இருந்தன. அதனால் பொறுத்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் பாக்கி இருந்தது ஐந்தே வருஷம்.

அப்போதுதான் வட்டி குறைந்தது. பேப்பரிலும் போனிலும் எங்கே பார்த்தாலும் அதே பேச்சு. பழைய கடனைப் புதிய பேங்குக்கு மாற்றுங்கள், தவணை பாதியாகும். தம்பி பூரித்துப் போனான். ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். மகள் வெளியூரில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்து, முன்பணம் மட்டும் கட்டி ஹாஸ்டலுக்குப் போயிருந்தாள். முதல் வருஷ ஃபீஸுக்கே வழியில்லாமல் இருந்தான். புதிய பேங்கில் போய்ப் பேசிவிட்டு வந்தவன், ஜாமீன் கையெழுத்துக்கு ஒரு ஆள் வேண்டுமாம் என்று என்னிடம் வந்தான். எனக்கு நிலையான சம்பளம், பின்னால் பென்ஷன். வேறு யார் போடுவார்கள்?

மறுநாள் அவள் என் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். துணி மாற்றும் அறையில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பதினஞ்சு வருஷத்துக்கு மாத்தறாராம் அண்ணி."

"தெரியும்."

"அஞ்சு வருஷத்துல எனக்கு அம்பத்தொண்ணு. கை நல்லா இருக்கும். பதினஞ்சுன்னா அறுபத்தொண்ணு. இந்தக் கை அப்ப மெழுகு சுரண்டுமா?" கையை நீட்டிக் காட்டினாள். விரல் நுனிகள் சூடுபட்டுத் தேய்ந்து மழமழவென்று இருந்தன.

"வேணாம்னு சொல்லிடு. புள்ளைய உள்ளூர்லயே எதையாவது படிக்கச் சொல்லு."

"நேத்து போன் பண்ணா. ஹாஸ்டல்ல ஜன்னல் பக்கத்துக் கட்டில் கேட்டு வாங்கிட்டாளாம். எவ்வளவு சந்தோஷம் தெரியுமா அவளுக்கு? நான் தப்பிச்சுப் போறதுக்கு அவ ஏன் காசு கொடுக்கணும்?"

பெற்றவளுக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும். என் சேமிப்பெல்லாம் என் இடுப்பு ஆபரேஷனோடு போயிருந்தது. வாய்தான் மிச்சம், அது ஃபீஸ் கட்டாது. அவள் இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பேங்கில் ஒரு சின்ன வயசு ஆபீசர் எங்கள் மூன்று பேருக்கும் நாற்காலி போடச் சொன்னார். தம்பி சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். அவள் பட்டறையிலிருந்து நேராக வந்ததால் கழுத்தோரம் தூசி இருந்தது. "முகம் கழுவிட்டு வரக்கூடாதா?" என்றான், ஆபீசர் காதில் விழும்படி.

அவள் ஆபீசரைப் பார்த்து, "இதே அஞ்சு வருஷத்துல முடிக்கற மாதிரி மாத்த முடியுமா?" என்று கேட்டாள்.

"மாத்தலாம் மேடம். ஆனா தவணை கொஞ்சம்தான் குறையும்." கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். குறைந்தது பஸ் செலவுக்கு ஆகும், அவ்வளவுதான். அங்கேதான் எனக்கே விஷயம் உறைத்தது. வட்டி குறைந்ததால் தவணை பாதியாகவில்லை. வருஷத்தை இழுப்பதால்தான் பாதியாகிறது. விளம்பரத்தில் இதை யார் சொல்கிறார்கள்?

"அப்ப பத்து வருஷம்னா?" என்றாள்.

ஆபீசர் கை விசைப்பலகைக்குப் போனது. "பத்து சரிவராது சார், நான் ஏற்கனவே கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். ஃபீஸ் இடிக்கும். பதினஞ்சுதான்" என்றான் தம்பி. ஆபீசர் கையை எடுத்துவிட்டார். அவளும் மேலே கேட்கவில்லை. கணக்கில் தம்பி தப்பு செய்து அவள் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

கையெழுத்துப் போட்டாள். பக்கம் பக்கமாகப் போட்டாள். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி, பல் வரிசை போல ஒழுங்காக இருந்தது. அதன் கீழே நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். "ஒரு பெரியவருக்கு நாளைக்கு செட் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் பிடிக்கப் போனாள். பின்னாலிருந்து பார்க்கும்போது தோள் ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. செய்யவில்லை.

எதிர்க் கடையில் டீ வாங்கிக்கொண்டு தம்பியும் நானும் உட்கார்ந்தோம்.

"ஏண்டா, அந்தப் பையன்கிட்ட பத்து வருஷக் கணக்கையும் தட்டிப் பார்க்கச் சொன்னா குறைஞ்சா போயிடுவ?"

அவன் கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "பத்து போட்டாலும் ஃபீஸ் கட்டலாம்க்கா. மிச்சம்கூட வரும்."

"என்னடா சொல்ற?"

"கடன் முடிஞ்சா அவ போயிடுவா."

என் கிளாஸைக் கீழே வைத்தேன். "யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. ஒரே வீட்டுலதான இருக்கோம்? ஜன்னல் திரை கிழிஞ்சு ரெண்டு வருஷமாச்சு, மாத்த மாட்டேங்கறா. மிக்ஸி போச்சு, புதுசு வேணாங்கறா. இருக்கப்போறவ அப்படியா விடுவா?"

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இவனுக்கு பேங்க் வட்டி கிடைத்திருக்கிறது. என் நர்ஸ் வாய் திறந்துகொண்டது. "அறிவு கெட்டவனே, அவ இருக்கணும்னா நாலு வார்த்தை நல்லதாப் பேசேன்டா! அதுக்கு என்ன வட்டியா கட்டணும்?"

"பேசிப் பார்த்தேன்க்கா. நல்லதுன்னு நினைச்சுதான் வாயைத் திறக்கறேன். வேற என்னமோ வருது." தலையைக் குனிந்துகொண்டான். ஐம்பது வயசில், பள்ளிக்கூடத்தில் பெயிலாகி வந்த நாளில் நின்ற மாதிரியே உட்கார்ந்திருந்தான். அவனை அறையவும் தோன்றியது, தலையைத் தடவவும் தோன்றியது. இரண்டில் எதுவும் அவளுக்கு உதவாது.

"அவகிட்ட சொல்லிடறேன் பாரு. நாளைக்கே கிளம்பச் சொல்றேன். கடனாவது மண்ணாவது."

"போக மாட்டாக்கா" என்றான் மெதுவாக. "பேங்க்ல ஜாமீன் கேக்கவே இல்ல. நானாத்தான் அக்கா போடுவான்னு சொன்னேன். என்னை விட்டுட்டுப் போவா. கடனை உன் தலையில கட்டிட்டுப் போக மாட்டா."

எங்கள் குடும்பத்தில் அவள் ஆசையாகப் பேசுவது என் ஒருத்தியிடம். அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறான். தப்பே இல்லாத கணக்கு. பேங்குக்குள் ஓடிப்போய் என் கையெழுத்தை அடித்துவிடலாமா என்று எழுந்தேன். எழுந்தவள் நின்றேன். பேங்க் கேட்காத ஜாமீன்தான், ஆனால் அடித்தால் எழுதின பத்திரம் முழுக்கச் செல்லாது, கடன் இழுபடும், பிள்ளை ஃபீஸ் கெடு தாண்டிப்போகும், அவள் என்னிடம் ஏன் என்று கேட்பாள்.

என் போன் அடித்தது. அவள்தான், பஸ்ஸிலிருந்து. இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசினாள்.

"அண்ணி, அங்க வெச்சு சொல்லத் தோணல. எங்களுக்காக ஜாமீன் போட்டீங்களே, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. நான் இருக்கேன். பதினஞ்சு வருஷமும் ஒரு தவணை தவறாது. உங்க பென்ஷன்ல ஒரு காசு தொட விடமாட்டேன், என்ன?"

தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிம்மா" என்றேன்.